கழுதை எங்கே வளையும்

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் சேர்ந்தால் ஒரு கழுதை. கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் அவர்கள் தொழில். குழந்தைகளுக்காக நாடகம் போடும் குழு எங்களுடையது. அதில் அவர் கழுதையின் முன்பாதி, தம்பி பின்பாதி. உடைகளும் பொம்மைத் தலைகளும் செய்வது நான். எனக்குக் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அம்மா ‘நடிகர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். பிறகு பெற்ற மகனும் அதே கழுதைக்குள் போய்ச் சேர்ந்ததும் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எங்கள் கழுதைக்கு நல்ல பெயர் உண்டு. முன்பாதி தலையை ஆட்டும், காதைத் திருப்பும், வசனம் பேசும். ஆனால் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பது பின்கால் உதைக்கும்போதுதான். வாளி, நாற்காலி, மீசைக்கார அதிகாரி, பின்னால் எது வந்தாலும் ஓர் உதை. தம்பி உள்ளே குனிந்துகொண்டு, மாமாவின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டில், சரியான நொடியில் காலை வீசுவான். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், மாமாவின் இடுப்பு சொல்லும் என்பான். ஒரு நாளும் பிசகியதில்லை.

அப்படி ஒட்டி இருந்த கழுதை ஒரு சிரிப்பால் இரண்டாகப் போனது. ஒத்திகை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தயங்கித் தயங்கி, ஒரே ஒரு காட்சிக்குத் தான் முன்னால் நிற்கட்டுமா என்று மாமாவிடம் கேட்டான். இவர் சிரித்துவிட்டார். சிரித்ததோடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. “பாருங்கப்பா, வாலுக்குத் தலையாகணும்னு ஆசை வந்திருக்கு” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கூட்டமே சிரித்தது. தம்பியும் சேர்ந்துதான் சிரித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

இருப்பதோ ஒரே வீடு. நாங்கள் கீழே, அவன் மாடி அறையில். சாப்பாடு ஒரே மேசையில். உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல் என்பார் இவர், என்னைப் பார்த்து. உப்பு தம்பியின் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவன் அதை என்னிடம் தள்ளுவான், நான் இவரிடம் தள்ள வேண்டும். மேடையில் மட்டும் கழுதை பழையபடி நடந்தது, பழையபடி உதைத்தது. திரை விழுந்ததும் ஒருவர் கிழக்கே பார்ப்பார், ஒருவன் மேற்கே பார்ப்பான். நான் சொல்லாத புத்தி இல்லை, போடாத சண்டை இல்லை. அவன் வந்து பேசட்டும் என்று இவர். சிரித்தது அவர்தானே என்று அவன். வளர்ந்த ஆண்கள் இரண்டு பேரைக் கட்டி மேய்ப்பதற்கு நிஜக் கழுதைகளையே மேய்த்துவிடலாம், அதுகளாவது பசித்தால் கத்தும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தம்பி அடுப்படியில் வந்து நின்றான். வேறொரு குழு, வெளியூர் வெளியூராகச் சுற்றுகிற குழு, விளக்குகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருக்கிறார்களாம். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டானாம். நாங்கள் அடுத்துப் போடவிருக்கும் புது நாடகம் முடிந்ததும் கிளம்புகிறானாம். நீயே அவரிடம் சொல்லிவிடு அக்கா என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

அவன் போவது பற்றி எனக்கு வருத்தம்தான், ஆனால் பயம் அதுவல்ல. எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் இப்படித்தான் ஏதோ ஓர் அற்ப விஷயத்துக்குப் பேச்சை நிறுத்தினார்கள். சித்தப்பா ஊர் மாறிப் போனார். இன்று பேசலாம், நாளை பேசலாம் என்று இருந்து, கடைசிவரை பேசாமலே இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும்வரை கோபம் கோபமாகவே இருக்கும். தூரம் போய்விட்டால் அது பழக்கமாகிவிடும். தம்பி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், பேசாமல் மட்டும் போகக்கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குழுவின் டைரக்டரம்மா புதுக் கழுதை வேண்டும் என்றார். பழையது துணிக் கழுதை. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, அதற்கு மேல் தைக்க இடமில்லாமல் நின்றது. புது நாடகத்துக்கு வழுவழுவென்று, மண் பொம்மை போல் பளபளக்கும் தோலோடு ஒரு கழுதை வேண்டும், ஆனால் கனம் இருக்கக்கூடாது என்றார். அதற்கு ஃபோம்தான் சரி என்று நானே சொன்னேன். மெத்தையில் வைக்கிறார்களே அந்த மஞ்சள் ஃபோம்தான், தாள் தாளாகக் கிடைக்கும். அதில் தலைக்கவசம் செய்திருக்கிறேன், கோட்டைச் சுவர் செய்திருக்கிறேன். முழு உடம்பு செய்ததில்லை.

ஃபோமை வெட்டி ஒட்டுவது பெரிய காரியமில்லை. அதன் வாயை அடைப்பதுதான் காரியம். உடம்பெல்லாம் ஓட்டை அதற்கு. அப்படியே சாயம் பூசினால் டப்பா டப்பாவாகக் குடித்துவிட்டு, குடித்த தடமே இல்லாமல் நிற்கும். அதனால் முதலில் பசை பூசி அந்த ஓட்டைகளை மூட வேண்டும். விறைப்பாக நிற்க வேண்டிய இடத்துக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. கெட்டியாகப் பூசினால் காய்ந்து ஓடு போல் ஆகிவிடும். குளம்புக்கும் காதுக்கும் மூக்குக்கும் அதுதான் அழகு. வளைகிற இடத்துக்கு அது ஆகாது. துணியில் படம் அச்சடிக்கிறவர்கள் சாயத்தோடு கலக்கும் பைண்டர் என்ற பசை இருக்கிறது, காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும். அதை மெல்லிசாக, பூச்சின் மேல் பூச்சாக, ஒவ்வொன்றையும் காயவிட்டுப் பூச வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அதனால் வளைகிற இடம் எது, வளையாத இடம் எது என்று முதலிலேயே தெரிந்துகொள்வது என் வழக்கம்.

அளவு பார்க்க இருவரையும் சேர்ந்து வரச் சொன்னேன். வந்தார்களா? இவர் காலையில் வந்தார். அவர் போய்விட்டாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தம்பி மத்தியானம் வந்தான். சரி, ஆளுக்கொரு பாதியாகவே அளவெடுக்கிறேன் என்று விட்டுவிட்டேன். வேலை நெருக்கடி, வாயாடிக்கொண்டிருக்க நேரமில்லை.

முன்பாதியை மாட்டி நிறுத்திவிட்டு இவரிடம் கேட்டேன், இடுப்புக்குக் கிட்டே எங்கே வளையும் என்று.

“நான் எதுக்கு வளையணும்? நான் நேராத்தான் நிப்பேன். வளைய வேண்டியது அவன்.”

மத்தியானம் பின்பாதியை மாட்டிவிட்டுத் தம்பியிடமும் அதையே கேட்டேன்.

“நான் ஏற்கெனவே வளைஞ்சுதான்க்கா நிக்கிறேன். இதுக்கு மேல வளைய என்ன இருக்கு? வளையறதுன்னா அவர் வளையட்டும்.”

இரண்டு பதிலையும் காதில் வாங்கினேன், அப்படியே வேலைக்குக் கொண்டுபோனேன். முன்னவர் நேராக நிற்கிறார், பின்னவன் ஒரே நிலையில் குனிந்து நிற்கிறான். அப்படியானால் நடு இடுப்பு அசையாத இடம். கழுத்துக்கும் தொடைக்கும் முழங்காலுக்கும் இழுபடும் பசை. காதுக்கும் குளம்புக்கும் இடுப்புக்கும் வெள்ளைப் பசை, அதுவும் கெட்டியாக, ஏனென்றால் இரண்டு பாதியும் சேருகிற இடம் தொங்கக்கூடாது. சாம்பல் நிறச் சாயம் அடித்துக் கொடியில் மாட்டியபோது, நானே தூர நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அவ்வளவு லட்சணமான கழுதை.

நாடகத்துக்கு முந்தின நாள் காலையில் கடைசி ஒத்திகை. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வந்து உள்ளே நுழைந்தார்கள். கழுதை நடந்தது, தலையை ஆட்டியது, எல்லாரும் ‘அடடா’ என்றார்கள். மீசைக்கார அதிகாரி பின்னால் வந்து நின்றார். முன்னவர் குனிந்தார், பின்னவன் இடுப்பைத் தூக்கிக் காலை வீசினான். முட்டை ஓட்டை மிதித்த மாதிரி ஒரு சத்தம். கழுதையின் முதுகு குறுக்கே வாய் பிளந்து, சாம்பல் நிறச் சில்லுகள் மேடையெல்லாம் கொட்டின. பிளவுக்குள் மஞ்சள் ஃபோம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. டைரக்டரம்மா திட்டுகிற ஆளில்லை. மேடைமேல் ஏறி வந்து பிளவைத் தடவிப் பார்த்தார். நாளைக்குள் சரியாகுமா என்று கேட்டார். ஆகாவிட்டால் பரவாயில்லை, தலையை மட்டும் மாட்டிக்கொண்டு ஒருவர் நடிக்கட்டும், உதைக்கிற காட்சியை எடுத்துவிடலாம் என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் பின்கால் இல்லையென்றால் தம்பிக்கு இந்த நாடகத்தில் வேலையே இல்லை. நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவான். கட்டியே விட்டவன் மாதிரிதான் அவன் முகமும் அப்போது இருந்தது.

உடைந்த கழுதையைத் தூக்கிக்கொண்டு வேலை அறைக்கு வந்து மேசைமேல் கிடத்தினேன். எங்கே தப்பு? பசை நல்ல பசை. சாயம் நல்ல சாயம். இடுப்பு வளைந்திருக்கிறது, அதுதான் விஷயம். அவர் குனிகிறபோது, இவன் பின்னால் தூக்குகிறபோது, இரண்டும் சேர்ந்து நடு இடுப்பு அரைவட்டமாக வளைகிறது. ஒருவர் தனியாக நின்றால் அது வளையவே வளையாது. துணிக் கழுதை எங்கே இழுத்தாலும் நெகிழ்ந்துகொடுத்ததால் இத்தனை காலம் யாருக்கும் அது தெரியவில்லை. நான் ஃபோமைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், அவர்கள் சண்டையைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் பசை பூசியிருக்கிறேன். உலகத்தில் எந்தத் தையல்காரிக்காவது இப்படி ஒரு தப்பு வாய்க்குமா?

சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. இருவரையும் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்கவே கத்தியை எடுத்து, உடைந்த இடுப்பை வளையமாக வெட்டி எடுத்துத் தரையில் போட்டேன். புது ஃபோமில் அதே அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினேன். ஜன்னல்களைத் திறந்து வைத்து, செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்தும் கோந்தால் இரண்டு பாதியோடும் அதை ஒட்டினேன். கோந்து பிடித்து வாடை அடங்கும்வரை யாரையும் நகரவிடவில்லை. வாயைத் திறக்கவும் விடவில்லை.

பிறகுதான் சொன்னேன். இந்தப் பட்டையை மேசைமேல் வைத்துப் பூசினால் மறுபடியும் தப்பாகப் போகும். அது எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு வளைத்துப் பிடித்து, விரிந்த நிலையிலேயே பூச வேண்டும். அப்போதுதான் பசை ஓட்டைகளின் அடிவரை போய் உட்காரும், நாளைக்கு விரிகிறபோது உடையாது. உங்கள் இரண்டு பேர் மாதிரி வளைகிற அச்சு இந்த ஊரில் எந்தக் கடையிலும் விற்கவில்லை. அதனால் இரண்டு பேரும் உள்ளே போக வேண்டும்.

“எவ்வளவு நேரம்?” என்றார் இவர்.

“பசை காயுற வரைக்கும்.”

தலையை மாட்டவில்லை, காற்று வர வயிற்று ஜிப்பைத் திறந்தே விட்டேன். உதைக்கிற நிலையில் அப்படியே நிறுத்தினேன். இவர் முன்னால் குனிந்து, மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். தம்பி ஒரு முக்காலியில் பாதி உட்கார்ந்து, தலையை மாமாவின் இடுப்போடு சேர்த்து, இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டான். புதுப் பட்டை மஞ்சளாக விரிந்து நின்றது. பைண்டரில் தண்ணீர் கலந்து முதல் பூச்சை ஆரம்பித்தேன். முதல் பூச்சு பாலைவிட நீர்த்திருக்க வேண்டும், மேலே நிற்கவே கூடாது, முழுக்க உள்ளே போக வேண்டும். தூரிகையால் குத்திக் குத்தி இறக்கினேன்.

பிறகு இவர் வாயைத் திறந்தார். அவனைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிக்கொள்ளச் சொல் என்றார், என்னிடம். உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது. அவரை வயிற்றை எக்காமல் நிற்கச் சொல் அக்கா, எனக்குப் பிடி வழுக்குகிறது என்று. ஒருவன் முகம் இன்னொருவர் முதுகில் அழுந்திக்கொண்டிருக்கிறது. இடையில் ஓர் ஊசி நுழைய இடமில்லை. அதற்குத் தூது போக வெளியே நான் வேண்டுமாம்.

“நான் இங்க கழுதைக்குப் பசை பூசிக்கிட்டிருக்கேன். உங்களுக்குத் தூது போறதை நேத்தோட விட்டுட்டேன்” என்றேன்.

அதற்குப் பிறகு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். முதல் பூச்சு காய்ந்தது. முடி உலர்த்தும் கருவியைச் சூடு குறைத்து வைத்துத் தூர நின்று காட்டினேன். கிட்டே காட்டினால் மேலே ஏடு படிந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். இரண்டாம் பூச்சைக் குறுக்காகப் பூசினேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று யாரோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே ஐம்பதை நெருங்குகிற ஒருவர் என் மேசைமேல் வளைந்துதான் நிற்கிறார், உடம்பால் மட்டும். தம்பிக்கு எப்படி இருக்கிறதோ என்று வயிற்று ஜிப் வழியாக எட்டிப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

மூன்றாம் பூச்சில் சாயமும் கலந்து ஆரம்பித்திருப்பேன். அப்போது அவன் பேசினான். என்னிடம் இல்லை.

“முன்னால நிக்க விடலைன்னு எனக்குக் கோபம் இல்ல மாமா. முடியாதுன்னு சொல்லியிருந்தா சரின்னு போயிருப்பேன். நீங்க சிரிச்சிருக்க வேண்டாம்.”

என் தூரிகை நின்றுவிட்டது. இவர் குனிந்து நின்றதால் முகம் எனக்குத் தெரியவில்லை. மேசையை ஊன்றியிருந்த கை மட்டும் தெரிந்தது. அந்த விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தன. தம்பியாலும் அவர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. இத்தனை வருஷம் ஒரே உடம்பாக நடந்த இரண்டு பேர், அந்த உடம்புக்குள் இருக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவேளை அதனால்தான் பேச முடிந்ததோ என்னவோ. எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் உப்பைத்தான் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

“பயந்துட்டேன்டா” என்றார் இவர்.

இவரே மெதுவாகச் சொன்னார்.

“நீ முன்னால வந்தா, நான் பின்னால போகணும். எனக்கு உதைக்கத் தெரியாது. வீட்டுல யாரும் இல்லாதப்ப குனிஞ்சு பார்த்திருக்கேன். ஒரு தடவை கூட வரல. பிள்ளைங்க சிரிக்கிறது உனக்குத்தான்னு எனக்குத் தெரியும். அது எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமேன்னு பயம். அதான் சிரிச்சு வச்சேன்.”

கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்த மனிதர் ‘எனக்குப் பயம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னந்தனியாகக் குனிந்து, பின்னால் காலை வீசிப் பார்த்திருக்கிறார். நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பசையில் விழுந்து தொலைக்கப் போகிறது என்று தோளில் துடைத்துக்கொண்டேன்.

அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றான் தம்பி. சொல்லியிருக்கலாம், தப்புதான் என்றார் இவர். அவ்வளவுதான், பெரிதாக ஒன்றுமில்லை. கட்டிப்பிடித்து அழவில்லை, ஏற்கெனவே கட்டிப்பிடித்துத்தானே நிற்கிறார்கள். பிறகு இவர், போகத்தான் போகிறாயா என்று கேட்டார். வாக்குக் கொடுத்துவிட்டேன் மாமா, போய்த்தான் ஆக வேண்டும் என்றான். இவர் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’மில் இருந்த வருத்தம் எனக்கு வெளியே கேட்டது. உள்ளே, இடுப்பில் முகம் வைத்திருந்தவனுக்கு இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும். ஒரு குழுவில் இருந்துகொண்டு இன்னொரு குழுவுக்கு விடுமுறையில் வந்து உதைக்கக்கூடாது என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா என்று அவனே கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றார் இவர்.

நான்காம் பூச்சைப் பூசிக் காயவைத்தேன். உள்ளே பேச்சுக் குரல் தணிந்து, எனக்கு விளங்காத முணுமுணுப்பாகிவிட்டது. எத்தனை நாளாக இவர் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது என்ன பேசுகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. காதை ஃபோமில் வைத்துக் கேட்கலாமா என்றுகூட ஆசை வந்தது. ஈரம் ஒட்டிக்கொள்ளுமே என்று பேசாமல் இருந்தேன்.

திடீரென்று கழுதையின் முதுகு குலுங்கியது. முதலில் தம்பி, பிறகு இவர். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்துவிட்டார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லிக் கிழிக்கவும் வேண்டாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது பட்டையைத்தான். குலுங்கக் குலுங்க அது விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்த் தேடினேன். மயிரிழைக் கீறல்கூட இல்லை. புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. நாளைக்கு இந்தக் கழுதை எத்தனை உதை வேண்டுமானாலும் உதைக்கும்.

சிரிப்பு அடங்கி, மறுபடி முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. நடுவில் தம்பி கேட்டான்.

“அக்கா, ஆச்சா? வெளிய வரலாமா?”

பசைக் கிண்ணத்தைப் பார்த்தேன். சுரண்டினால்கூட ஒன்றும் வராத அளவுக்குக் காலி.

“இன்னும் ரெண்டு பூச்சு இருக்கு. அசையாம அப்படியே நில்லுங்க” என்றேன்.

தூரிகையைக் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் நனைத்து உதறினேன். அந்த வெறும் தூரிகையால், காய்ந்துபோன முதுகில், முன்பைவிட மெதுவாகப் பூச ஆரம்பித்தேன்.